ஒழுங்கை வாய் வரைக்கும்

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டிலிருந்த என் மூத்த மகன், ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு சாப்பாட்டுப் பாயில் வைத்து, "வாப்பா, நம்மட ஹோல்ல ஒரு ஹோம் தியேட்டர் செய்யப் போறன்" என்றான். சோற்றில் வைத்த கையை எடுக்காமலே நிமிர்ந்து பார்த்தேன். ஹோம் என்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. தியேட்டர் என்ற சொல்தான் தொண்டையில் சிக்கியது.

காரணம் இருக்கிறது. இற்றைக்குப் பதினைந்து வருடங்களுக்கு முன், புத்தளத்தில் நான் குத்பா ஓதிவந்த பள்ளிவாசலில், "வீட்டுக்குள் சினிமாக் கொட்டகை கட்டாதீர்கள்" என்று மிம்பரில் நின்று முழங்கியவன் நான். அந்தக் குத்பாவைக் கேட்டவர்களில் சிலர் இன்னும் எங்கள் தெருவில்தான் இருக்கிறார்கள். இந்த நிலையில் மௌலவியின் வீட்டு ஹோலிலேயே தியேட்டரா?

நான் ஓதிய அரபுக் கல்லூரியில் வானொலிக்கே இடமில்லை. 1996 மார்ச் 17இல் லாகூரில் நமது நாடு உலகக் கிண்ணத்தை வென்ற இரவு, ஒரு மாணவன் தகரப் பெட்டிக்குள் துணிகளுக்கிடையே ஒளித்து வைத்திருந்த சிறிய றேடியோவைச் சுற்றி நாங்கள் ஏழு பேர் போர்வைக்குள் கிடந்தோம். உஸ்தாத் வந்து பிடித்துவிட்டார். றேடியோவைப் பறித்துக்கொண்டு கதவுவரை போனவர், திரும்பி நின்று, "எத்தனை விக்கெட் போயிருக்கு?" என்று கேட்டது இன்றும் எங்களுக்குள் சொல்லிச் சிரிக்கும் கதை. அந்த ஏழு பேரில் ஒருவனாகிய நான், என் மகனிடம் மட்டும் கடுமையாக இருப்பது நியாயமா என்று மனசாட்சி கேட்டது. "பார்ப்பம்" என்றேன். பிள்ளைகளின் அகராதியில் அதற்குச் ‘சரி’ என்று அர்த்தம்.

அவன் கணனியைக் கடையில் முழுதாக வாங்கவில்லை. பாவித்த பாகங்களைத் தேடித் தேடிச் சேர்த்தான். படத்தை உருவாக்கித் தரும் கிராபிக்ஸ் கார்ட்தான் அதில் விலை கூடிய சாமான். எதீரியம் என்ற இலக்கமுறை நாணயத்தைக் கணனிகளைக் கொண்டு ‘தோண்டுகிற’ முறை 2022 செப்டெம்பரில் நிறுத்தப்பட்டதாம். அதற்காக உலகமெங்கும் வாங்கிக் குவித்திருந்த கார்டுகள் பழைய சாமான் சந்தைக்கு வந்துவிட்டன. அதில் ஒன்று, ஜி.டி.எக்ஸ். 1060, ஆறு ஜி.பி. நினைவகம் கொண்டது, எங்கள் வீட்டுக்கும் வந்தது. மின்சாரம் கொடுக்கும் பெட்டியை மட்டும் மலிவாக வாங்கி, மூன்றாம் நாளே புகைய விட்டான். "பாத்து வாங்கியிருக்கலாமே" என்று நான் சொல்லவில்லை. சொல்லாமலிருக்கப் பட்ட பாடு எனக்கும் ரப்புக்கும்தான் தெரியும்.

கணனியையும் தொலைக்காட்சியையும் ஓர் எச்.டி.எம்.ஐ. வயரால் இணைத்தால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. முதல் நாள் படத்தின் நான்கு ஓரங்களும் வெட்டுப்பட்டிருந்தன. செய்தி வாசிப்பவருக்குத் தொப்பி வைக்கும் இடமே இல்லை. பழைய குழாய்த் தொலைக்காட்சிக் காலத்தில் ஓரங்களை மறைத்துக் காட்டுவது வழக்கமாக இருந்ததாம். அந்தப் பழக்கம் புதிய பெட்டிகளிலும் தொத்திக்கொண்டு கிடக்கிறது. தொலைக்காட்சியின் அமைப்பில் ஓரிடத்தைத் தட்டியதும் சரியாகிவிட்டது. பிறகு சத்தம் வரவில்லை. கணனி தன் சத்தத்தை எந்த வழியால் அனுப்புவது என்று நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். பிறகு படம் அசையும்போது ஒரு சிறு உதறல். திரைப்படம் வினாடிக்கு 24 சட்டங்களாக எடுக்கப்படுகிறது, திரையோ வினாடிக்கு 60 தடவை புதுப்பிக்கிறது. 60ஐ 24ஆல் மீதியின்றிப் பிரிக்க முடியாதாகையால் ஒரு சட்டம் இரண்டு தடவையும் அடுத்தது மூன்று தடவையும் காட்டப்படுகிறது. பராயிழ் கணக்கில் பங்கு மிஞ்சி நிற்பதைப்போல, இங்கே உதறல் மிஞ்சி நிற்கிறது. கணனியையும் 24க்கே திருப்பி வைத்தான். இது எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் என் மனதை உண்மையில் மாற்றியது சத்தம்தான். அது என் வாப்பாவினால் வந்தது.

வாப்பாவுக்கு 2019இல் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பகலெல்லாம் ஹோலில் சாய்மனைக் கதிரையில்தான் இருப்பார். காதும் மந்தம். தொலைக்காட்சியில் யார் பேசினாலும், "என்ன சொல்றான்?" என்று கேட்பார். சத்தத்தைக் கூட்டினால் இசையும் இரைச்சலும்தான் கூடும், பேச்சு கூடாது. மகன் இதற்கு விளக்கம் சொன்னான். ‘ஐந்து தசம் ஒன்று’ என்று சொல்லப்படுகிற ஒலிப்பதிவில் முன்னால் இடமும் வலமும், பின்பக்கமாக இரண்டு, நடுவில் ஒன்று என ஐந்து வழிகள். தசம் ஒன்று என்பது அடித்தொனிக்கு மட்டுமான பெட்டி. மனிதர்களின் பேச்சு பெரும்பாலும் அந்த நடு வழியில்தான் வரும். இதை இரண்டு ஸ்பீக்கர்களுக்குள் பிதுக்கினால் பேச்சு அமுங்கிப் போகும். கணனியில் இருந்த கோடி என்ற மென்பொருளில் (2002இல் ஒரு விளையாட்டுப் பெட்டிக்காகச் சிலர் ஓய்வு நேரத்தில் எழுதத் தொடங்கியதாம், 2014இல்தான் இந்தப் பெயர் வந்தது) நடு ஒலியை மட்டும் உயர்த்தினான். பழைய ஸ்பீக்கர் ஒன்றை வாப்பாவின் கதிரைக்கு நேர் முன்னால் வைத்தான்.

அன்றிரவு செய்தி முடியும்வரை வாப்பா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முடிந்த பிறகு, "இந்தப் பொடியன் வாசிக்கிறது நல்லா விளங்குது" என்றார். செய்தி வாசிப்பவர் பத்து வருடமாக அதே ஆள்தான்.

தியேட்டர் என்ற சொல்லை நான் அதற்குப் பிறகு பொருட்படுத்தவில்லை. அடித்தொனிப் பெட்டியை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தது.

அடுத்த வேதனை கத்தாரிலிருந்து வந்தது. என் மனைவியின் தம்பி விடுமுறையில் வந்தபோது, தன் பிள்ளைகள் அலுத்துப்போய் மூலையில் போட்டுவிட்ட ஒரு மெய்நிகர்க் கண்ணாடியை மகனுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். குவெஸ்ட் 2 என்பது அதன் பெயர். 2020 ஒக்டோபரில் விற்பனைக்கு வந்து, 2024இல் நிறுத்தப்பட்ட சாமான். தனியாகவும் வேலை செய்யும், ஒரு நீண்ட வயரால் கணனியோடு இணைத்தால் கணனியின் முழுப் பலத்தையும் எடுத்துக்கொள்ளும். ஹோலில் இருந்த தியேட்டர்க் கணனிக்கு இரட்டை உத்தியோகம் கிடைத்தது.

நமது தமிழில் இதை மெய்நிகர் என்கிறார்கள், மெய்யைப் போன்றது. அரபியில் ‘அல்வாகிஉல் இஃப்திராழீ’ என்கிறார்கள், இருப்பதாக வைத்துக்கொண்ட யதார்த்தம். இரண்டில் அரபிச் சொல்தான் நேர்மையானது என்பது என் அபிப்பிராயம்.

உள்ளே நடப்பது மந்திரமல்ல. நமது இரு கண்களும் ஒரே காட்சியைச் சற்று வேறுபட்ட இரண்டு கோணங்களில் பார்க்கின்றன. மனம் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்கிறது. பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து 1040ஆம் ஆண்டளவில் வபாத்தான இப்னு ஹைதம், தமது ‘கிதாபுல் மனாழிர்’ என்ற நூலில் இரு கண்ணால் ஒன்றைப் பார்ப்பதைப் பற்றியும், அது எப்போது இரண்டாகத் தெரிகிறது என்பதைப் பற்றியும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். 1838இல் சார்ள்ஸ் வீட்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒவ்வொரு படத்தைக் காட்டி, தட்டையான படத்தில் ஆழம் தெரியச் செய்தார். 1968இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லண்ட் என்பவர் கணனிப் படத்தைத் தலையில் மாட்டும் கருவிக்குள் கொண்டுவந்தார். கருவி அவ்வளவு பாரமாக இருந்ததால் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. இப்போது தலை திரும்பும் திசையை அறிந்து, வினாடிக்குத் தொண்ணூறு தடவை கணனி புதுப்படம் வரைகிறது.

நானும் ஒரு தடவை மாட்டிப் பார்த்தேன். மகன் என்னை ஒரு மலை உச்சியில் பறக்கவிட்டான். அரை நிமிடத்தில் தலை சுற்றி, வியர்த்து, தொப்பியைத் தேடிக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். கண் ‘போகிறோம்’ என்கிறது, உட்செவியில் சமநிலையைக் காக்கும் உறுப்பு ‘இல்லை, இருந்த இடத்தில்தான் இருக்கிறோம்’ என்கிறது. இரண்டு சாட்சிகள் முரண்பட்டால் காழி என்ன செய்வார்? வயிறுதான் தீர்ப்புச் சொல்கிறது.

பாடசாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், இதை மாட்டிக்கொண்டு கஃபாவைச் சுற்றி வந்தால் தவாப் ஆகுமா என்று கேட்டார்கள். 2021 டிசம்பரில் ஹஜருல் அஸ்வத் கல்லை இப்படிப் பார்ப்பதற்கான ஒரு திட்டம் சவூதியில் ஆரம்பிக்கப்பட்டபோதே இக்கேள்வி எழுந்தது. பார்க்கலாம், ஹஜ்ஜாகாது என்று துருக்கியின் சமய விவகார அமைப்பு 2022இல் சொல்லிவிட்டது. அது தவாப் ஆகாது, இதில் நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை என்று நானும் சொல்லி முடித்தேன்.

இனி வாப்பாவின் கதைக்கு வருகிறேன்.

நாங்கள் யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருப் பக்கத்து ஆட்கள். ஐந்து சந்திக்குக் கிட்ட, ஓர் ஒழுங்கைக்குள் வீடு. வீட்டின் முன்னறைதான் வாப்பாவின் தையற்கடை. 1990 ஒக்டோபர் 30ஆந் திகதி, அப்போது யாழ்ப்பாணத்தைக் கையில் வைத்திருந்த ஆயுதக்காரர்கள் முஸ்லிம்களை மைதானத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடச் சொன்னார்கள். எனக்கு அன்று ஒன்பது வயது. வாப்பாவுக்கு 42. இன்று நான் அந்த வயதைத் தாண்டிவிட்டேன். அந்த மாதத்தின் கடைசி இரு வாரங்களில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் நாங்கள் ஆறு பேர்.

2002இல் ஏ9 வீதி திறந்ததும் எங்கள் சொந்தக்காரர்கள் பஸ் பிடித்துப் போனார்கள். 2009க்குப் பிறகு சிலர் குடியேறியும் விட்டார்கள். ராத்தாவும் நானும் போய்வந்தோம். வாப்பா மட்டும் போகவில்லை. முதல் தடவை காய்ச்சல் என்றார். அடுத்த தடவை யாருடையதோ கலியாணத் தையல் வேலை. பிறகு கூப்பிடுவதையே விட்டுவிட்டோம். வலியை மீண்டும் பார்க்க விரும்பவில்லை என்று நாங்களாகவே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டோம். பிறகு பாரிசவாதம் வந்தது, காரணமே தேவைப்படாமல் போயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சாப்பிட்ட பின்னேரம், ராத்தாவும் வந்திருந்தார். மகன் கூகிள் ஏர்த்தின் மெய்நிகர்ப் பதிப்பைப் போட்டிருந்தான். 2016இல் வெளிவந்தது அது. வானத்தில் நின்று பூமியைப் பார்ப்பதில் தொடங்கி, விரும்பிய இடத்தில் இறங்கலாம். கண்ணாடிக்குள் தெரிவது தொலைக்காட்சியிலும் தெரிந்தது. "அப்பாவுக்குக் காட்டவா?" என்றான். எங்கள் பிள்ளைகள் பாட்டனாரைத்தான் அப்பா என்பார்கள். நான் பட்ட பாட்டை நினைத்து வேண்டாமென்றேன். "பறக்கவிட மாட்டன் வாப்பா. நிப்பாட்டி நிப்பாட்டிக் காட்டுறன்" என்றான்.

வாப்பா மறுக்கவில்லை. மகன் பட்டியை மெதுவாக இறுக்கி, கண்களின் இடைவெளிக்கு வில்லைகளைச் சரிசெய்தான். மூன்று அளவுகள்தான் உண்டு, 58, 63, 68 மில்லிமீற்றர். வாப்பாவுக்கு நடு அளவு.

மேலிருந்து பார்க்கையில் எங்கள் ஊர் விரித்த பாய்போலத் தட்டையாகக் கிடந்தது. பெரிய நகரங்களில் கட்டடங்கள் எழுந்து நிற்கும், எங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஆனால் 2016இல் இலங்கைக்கு வந்த வீதிப்படங்கள் இதற்குள் உண்டு. காரின் கூரையில் கமராவைப் பூட்டி எடுத்தவை. தரையை நெருங்கியதும் அந்தப் படம் கையிலொரு கண்ணாடிக் கோளம்போலத் தெரியும். அதற்குள் நுழைந்தால் வீதியின் நடுவில் நிற்போம்.

நுழைந்ததும் வாப்பா இடது கையால் கதிரைப் பிடியை இறுக்கினார். தலையை மெதுவாக இடப்பக்கம் திருப்பினார். தொலைக்காட்சியும் திரும்பியது. ஹோலில் ஒருவரும் பேசவில்லை.

"இது மானிப்பாய் ரோட்" என்றார்.

பிறகு அவரே வழி சொல்லத் தொடங்கினார். முன்னால போ. இன்னும் கொஞ்சம். மகன் ஒவ்வொரு தடவையும் மேலே எழும்பிச் சற்றுத் தள்ளி இறங்கினான். ஒரு கடை வாசலில் சைக்கிளோடு ஒரு மனிதர் நின்றார். வாப்பா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இவருக்கு ஏன் முகமில்ல?"

"கூகிள்காரர் எல்லாற்ற முகத்தையும் அழிச்சிருவாங்க அப்பா. ஆள் ஆரெண்டு தெரியக்கூடாதெண்டு."

"தெரிஞ்சாத்தானே நல்லது" என்றார் வாப்பா.

ஐந்து சந்தி வந்தது. ராத்தா எழுந்து தொலைக்காட்சிக்குக் கிட்டப் போய்விட்டார். "இந்தா, இதுதான் நம்மட ஒழுங்க" என்று அவர் கைகாட்டிய திசைக்கு வாப்பாவின் தலையும் திரும்பியது. ஒரு மதில், ஒரு மின்கம்பம், அவற்றுக்கிடையில் ஒடுங்கிய வாய்.

"உள்ளுக்குப் போ மகன்."

"அதுக்குள்ள கார் போகல்ல அப்பா. படம் இவ்வளவுதான்."

வாப்பா அந்த வாயைப் பார்த்தபடி பேசத் தொடங்கினார். இடப்பக்கம் முதலாவது தகரப்படலை, இரும்புக்கடைக்காரர் வீடு. அதிலிருந்து பதினாறு அடியில் கிணற்றுக்கட்டு. ராத்தா "வலப்பக்கம்தான் கிணறு" என்றார். "வலப்பக்கம் இருந்தது மாதுளை" என்றார் வாப்பா, தையற்காரனின் கணக்குப் பிசகாது என்பதுபோல. வேலி, திண்ணை, எங்கள் வீட்டுப் படி. முன்னறை. மெசின். முப்பது வருடத்துக்கு மேலாக அந்த வீட்டைப் பற்றி அவர் இவ்வளவு பேசி நாங்கள் கேட்டதில்லை.

மெசினில் வந்து நின்றுவிட்டார்.

"மாஸ்டருட துணி மெசின்லயே கிடக்குது" என்றார்.

"எந்த மாஸ்டர் வாப்பா?"

"ஆனைக்கோட்டை மாஸ்டர். மகன்ட கலியாணத்துக்கு மூண்டு கால்சட்டைத் துணி தந்தவர். வெட்டி வெச்சனான். நூற்றம்பது ரூபா அட்வான்ஸும் வாங்கினனான்." கொஞ்ச நேரம் கழித்து, "தைச்சுக் குடுக்காம அந்த ரோட்ல எப்படித் தம்பி போய் நிக்கிறது" என்றார்.

நான் மௌலவியாகி வந்த நாளிலிருந்து வாப்பா என்னை ‘மௌலவி’ என்றுதான் கூப்பிடுவார். தம்பி என்று கூப்பிட்டது எப்போது என்று எனக்கு ஞாபகமில்லை. அமானிதம் பற்றி எத்தனை குத்பா ஓதியிருக்கிறேன், எத்தனை பேர் என்னிடம் இத்தகைய பிரச்சினைகளுக்குச் சட்டம் கேட்டு வந்திருக்கிறார்கள். உரியவர் இல்லையென்றால் வாரிசுகளிடம், அவர்களையும் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அவர்கள் பெயரால் தருமம் என்று இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஒரே வீட்டில் இருந்த மனிதர் என்னிடம் கேட்கவில்லை. நானும் காய்ச்சலையும் கலியாணத் தையலையும் நம்பியிருந்தேன்.

விரட்டியவர்கள் வேறு ஆட்கள், வாப்பாவுக்கு அதில் குற்றமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அது அவருக்குத் தெரியாததல்ல. விட்டுவிட்டேன்.

மகன்தான் பேசினான். "அப்பா, ஆனைக்கோட்டைப் பக்கம் போய்ப் பாப்பமா?"

போனார்கள். அதே மானிப்பாய் வீதிதான் அங்கும் போகிறது. மேலே எழும்பி, இறங்கி, ஒவ்வொரு இடமாக. வாப்பா இடது கையை முன்னால் நீட்டி, இந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று காட்டிக்கொண்டிருந்தார். மாஸ்டரின் வீட்டு வாசலில் ஒரு வேம்பு நின்றதாம். படத்தில் மதில்களும் புதிய கேற்றுகளும்தான் இருந்தன. ஒரு பச்சைக் கேற்றுக்கு முன்னால் நீண்ட நேரம் நின்றார். "இதாத்தான் இருக்கும்" என்றார். கண்ணாடியின் கீழ் விளிம்பால் வியர்வை வழிந்தது. வியர்வை என்றுதான் நான் எழுதுகிறேன்.

"கழட்டு. அஸருக்கு நேரமாகுது."

அடுத்த பாடசாலை விடுமுறைக்கு நானும் மகனும் யாழ்ப்பாணம் போவதாக இருக்கிறோம். அந்தப் பச்சைக் கேற்றைத் தட்டிப் பார்ப்போம். புத்தளம் கடைத்தெருவில் மூன்று கால்சட்டைக்கான துணி வாங்கியாகிவிட்டது. எங்கள் தெருவிலிருக்கும் ஒரு தையற்காரத் தம்பி தைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்குக் கொடுப்பதற்காக வாப்பா இடது கையால், ஒரு எழுத்து ஏறியும் ஒரு எழுத்து இறங்கியுமாக, ஒரு துண்டில் அளவு எழுதித் தந்திருந்தார். இடுப்பு 34. நீளம் 41. கால் அடி 16. வலக்கால் அரை அங்குலம் குறை.